வந்தவர்கள் வரிசை

எங்கள் குடும்பத்தில் பங்குனி அமாவாசையன்று மட்டும் இரண்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். கிழக்கே பார்த்த வரிசை வந்தவர்களுடையது. யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு எதிரே இருப்பது பிறந்தவர்கள் வரிசை. வந்த பிறகு இங்கே பிறந்தவர்களும், பின்னால் கட்டிக்கொண்டு வந்த மருமக்களும் அதில் உட்காருவோம். எனக்கு எண்பத்து மூன்று வயதாகிறது. ஒரே ஒரு முறை தவிர, வாழ்நாள் முழுவதும் பிறந்தவர்கள் வரிசையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த ஒரு முறை எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது என் பொறாமையால் நேர்ந்தது.

எங்கள் அப்பாவை அய்யா என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம். அய்யாவின் ஊர் சோழவந்தானுக்குப் பக்கத்தில். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பிறர் வயலில் கூலிக்கு உழைத்துச் சலித்து, கப்பலேறி பர்மா போனார். முதலில் அறுவடை வேலை, பிறகு ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. ஆத்தாவையும் அழைத்துக்கொண்டார். அங்கே அவர்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். பெரிய அண்ணன், அக்கா, அடுத்து ஒரு பையன். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஆலையை மூடினார்கள். வெளிநாட்டு ஆட்களை வெட்டுகிறார்கள் என்ற பேச்சும் பரவியது. இரவோடு இரவாகக் கிளம்பியவர்கள் ப்ரோமில் ஐராவதி ஆற்றைக் கடந்து, மலைப்பாதையில் நடந்து அரக்கான் கடற்கரைக்கு வந்தார்கள். அங்கிருந்து படகு, சிட்டகாங், பிறகு ரயில். கிளம்பியபோது பிள்ளைகள் மூன்று பேர். மதுரையில் இறங்கியபோது இரண்டு பேர். நான் ஆத்தாவின் வயிற்றில் இருந்தேன். அந்த ஆடியில், கோச்சடையில் வைகைக் கரையோரம் ஒரு குடிசையில் பிறந்தேன்.

மலைப்பாதையில் செத்துப்போன அந்தப் பையனுக்காகத்தான் இந்தச் சாப்பாடு. அவனுக்குப் படம் இல்லை, சமாதி இல்லை. அவன் இருந்தான் என்பதற்கு எங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவன் போன நாளை மட்டும் ஆத்தா திதியாக மனதில் வைத்திருந்தாள். அன்று பிறந்தவர்களின் இலையில் சோறு, சாம்பார், பருப்பு வடை, பாயசம். வந்தவர்களின் இலையில் வறுத்த அரிசி ஒரு கை, கல்லுப்பு, ஒரு துண்டு வெல்லம். வழியில் அவர்கள் தின்றது அதுதான். நடந்து வந்த கதையை யாராவது முழுவதும் சொல்லி முடிக்கும் வரை வந்தவர்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது. அவர்கள் வரிசையின் கடைசியில் ஒரு சிறிய நுனி இலை போடுவார்கள். அதிலும் வறுத்த அரிசி இருக்கும். ஆனால் அந்த இலைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கும். அது அவனுடைய இலை.

என் பொறாமை அந்த இலையில்தான் தொடங்கியது.

ஆறு வயது இருக்கும். வெயில் உச்சி மண்டையைப் பிளந்த ஒரு பங்குனி. அக்கா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய் அந்தச் சின்ன இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டேன். ஆத்தா கொடுத்த அறையில் தம்ளர் சுவர் வரை உருண்டது. அழுதுகொண்டே கேட்டேன்.

“நானுந்தான ஆத்தா வந்தேன்? ஒன் வயித்துல இருந்தேன்ல?”

“டிக்கெட்டு இல்லாம வந்த பய,” என்று பெரிய அண்ணன் சிரித்தான்.

ஆத்தா சிரிக்கவில்லை. “வழியில ஒனக்குத் தாகம் எடுத்துச்சா?” என்று கேட்டாள்.

புறங்கையால் மூக்கைத் துடைத்தேன்.

“எடுக்கலைல? அப்ப நீ வரல. எந்திரிச்சுப் போ.”

எங்கள் வீட்டில் அதற்கு மேல் வாதம் கிடையாது. வழியில் தாகம் எடுத்தவர்கள் வந்தவர்கள். அவ்வளவுதான். இதை எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்ததே நான் இங்கே பிறந்தவன் என்பதால்தான். வந்த பிள்ளைகள் இருவரும் சின்ன வயதிலேயே வேலைக்குப் போனார்கள். நான் படித்தேன். கல்லூரியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன், ஆனையூரில் மாடி வைத்து வீடு கட்டினேன். மாநிலத்தில் இடம் வாங்கிய மதிப்பெண் தாளை ஆத்தாவிடம் காட்டிய அன்று, “சரிடா, கையக் கழுவிட்டுச் சாப்புடு” என்றாள். அந்தப் பையனைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவள் முகம் வேறாகிவிடும். அவன் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு வயதிலேயே நின்றுவிட்டான். அப்படி ஒருவனோடு எப்படிப் போட்டி போட முடியும்? அவன் எனக்கு அண்ணன் முறை. ஒரு நாளும் நான் அவனை அண்ணன் என்று சொன்னதில்லை. ‘அந்தப் பையன்’ என்றே சொல்லிவந்தேன்.

பெரிய அண்ணன் மேலும் பொறாமைதான். அவன் கெண்டைக்காலில் அட்டை கடித்து ஆறிய தழும்புகள் இருந்தன. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு டீக்கடையில் காலை நீட்டி உட்காருவான். யாராவது கேட்காமல் போக மாட்டார்கள். ஆனால் என் பெரும்பொறாமை அக்காமேல். ஏனென்றால் கதை அவளிடம் இருந்தது. அய்யா அதைப் பேசவே மாட்டார். ஆத்தா தொடங்குவாள், ஓடை வந்ததும் நின்றுவிடுவாள். எட்டு வயதில் அந்தப் பையனை இடுப்பில் சுமந்து வந்த அக்காதான் கடைசி வரை சொல்லக்கூடியவள்.

அவள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கேட்பவர்களைக் கட்டிப்போட்டுவிடுவாள். “கதவக்கூடப் பூட்டல. அடுப்புல சோறு கெடந்து கொதிக்குது, கெளம்பிட்டோம்” என்று ஆரம்பிப்பாள். வழியில் கிடந்த தையல் மிஷினைச் சொல்வாள். கூட்டத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்ட ஊரைச் சொல்வாள். ஒரு பர்மாக்காரி ஓடி வந்து கையில் வாழைப்பழச் சீப்பைத் திணித்துவிட்டு ஓடியதைச் சொல்வாள். பிறகு ஓடை வரும். ஓடைக் கரையில் ஆட்கள் படுத்திருப்பார்கள். தூங்குகிறார்கள் என்று நினைத்தேன் என்பாள். பையன் ‘தண்ணி, தண்ணி’ என்று அவள் கழுத்தைப் பிடித்து உலுக்குகிறான். ஆத்தா குடிக்க விடவில்லை. குடித்தவர்களெல்லாம் பேதி கண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். அடுத்த தங்குமிடத்தில் கொதிக்கவைத்துத் தரலாம் என்று இழுத்துக்கொண்டு நடந்தாள். தங்குமிடம் வந்து அடுப்பு மூட்டியபோது பையன் அக்காவின் தோளிலேயே போயிருந்தான். அய்யா இறக்கி வை என்கிறார். அக்கா இறக்க மாட்டேன் என்கிறாள். கதையில் இந்த இடம் வந்ததும் அக்கா நிறுத்துவாள். பிறகுதான் தன் தம்ளரைத் தேடுவாள். வந்தவர்கள் எல்லாரும் தண்ணீர் குடிப்பார்கள்.

வருஷத்துக்கு வருஷம் அவள் எதையாவது சேர்ப்பாள். ஒரு வருஷம் யானை வந்தது. நான் விடுவேனா? யானை பொய் என்று சண்டை போட்டேன். கல்லூரியில் வேலை கிடைத்த புதிதில், அவர்கள் வந்த வழியைப் பெரிய வரைபடமாக வரைந்து எடுத்துப்போய் அமாவாசையன்று சுவரில் மாட்டினேன். அந்தப் பாதையின் ஒவ்வொரு கணவாயும் எனக்கு மனப்பாடம். அவள் சொல்லும்போது குறுக்கே பேசினேன்.

“அக்கா, நீ சொல்ற ஆறு மலைக்கு முன்னாடி வரும். பின்னாடி கெடையாது.”

“அப்டியா?”

“வரைபடத்துல பாருக்கா.”

“நான் நடந்தேன்டா. நீ தாள்ல நடந்தவன். ஆறு எங்கிட்டு இருந்துச்சுன்னு ஆத்துக்கிட்டப் போயிக் கேளு.”

இரண்டு வரிசையும் சிரித்தது. ஆறு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் அதுதான் சரி. அதனால் எனக்கு என்ன கிடைத்தது? வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அய்யா போனார், ஆத்தா போனாள், பெரிய அண்ணனும் போனான். சாப்பாடு சோழவந்தானில் அக்கா வீட்டுக்கு மாறியது. அவளைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில். வந்தவர்கள் வரிசையில் அக்கா ஒருத்தி, பக்கத்தில் அந்தச் சின்ன இலை. எதிரே நாங்கள் முப்பது, நாற்பது பேர். ஒருமுறை கேட்டுவிட்டேன்.

“ஒனக்குப் பெறகு யாருக்கா சொல்றது?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். “யாரும் சொல்ல வேணாம். இலையப் போட்டுத் தண்ணி வையுங்க. அது போதும். அவன் இருந்தான்னு தெரிஞ்சாப் போதும்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, ஒனக்கு வேணுமாக்கும்? இம்புட்டு வயசாகியும் ஒனக்கு அந்த ஆசை போகலையா?” என்று சிரித்தாள்.

மூன்று பங்குனிக்கு முன்பு, தை மாதத்தில், ஒரு மாணவி எனக்குப் போன் செய்தாள். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களின் நினைவுகளைப் படம் பிடித்துச் சேர்த்துவைக்கும் வேலை செய்கிறாள். என்னிடம் படித்த ஒருவர் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

“உங்க அக்கா நடந்து வந்தவங்களாமே சார். அவங்க அட்ரஸ் வேணும்.”

“அக்காவுக்கு இப்ப ஞாபகம் சரியில்லம்மா. பாவம், ஆளையே மாத்திச் சொல்லுது. நீ ஆனையூருக்கு வா. நான் சொல்றேன்.”

ஒரு மூச்சு கூடத் தடுமாறாமல் சொன்னேன். அதற்கு முந்தைய வாரம்தான் அக்கா, தன் மகள் கல்யாணத்துக்கு நான் எடுத்துக்கொடுத்த சேலையின் கரை நிறத்தைச் சொல்லி, அது சாயம் போனதையும் சொல்லிக் காட்டியிருந்தாள்.

மாணவி வந்தாள். வரவேற்பறையில் என்னை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சட்டையில் சின்ன மைக் ஒன்றைக் குத்தினாள். புதுச் சட்டை போட்டிருந்தேன். அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“அப்ப உங்களுக்கு என்ன வயசு சார்?”

“ரெண்டு,” என்றேன்.

வாய் தவறி வந்தது என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது பொய். ஆறு வயதிலிருந்து அந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தவன் நான். கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

“ரெண்டு வயசுல நடந்தது ஞாபகம் இருக்கா சார்?”

“மத்ததெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். தாகம் மட்டும் ஞாபகம் இருக்கு.”

அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது எழுதக் கூசுகிறது. அடுப்பில் கொதித்த சோற்றிலிருந்து ஆரம்பித்தேன். தையல் மிஷின், கதவைச் சாத்திய ஊர், வாழைப்பழம், எதையும் விடவில்லை. யானையைக்கூட விடவில்லை. அக்கா எங்கே குரலைத் தாழ்த்துவாளோ அங்கே தாழ்த்தினேன். அக்காவின் இடுப்பிலிருந்து நானே பார்த்ததாகச் சொன்னேன். ஓடை வந்தது. ஆத்தா தண்ணீர் குடிக்க விடவில்லை என்றேன். அதனால்தான் பிழைத்தேன் என்றேன். இரண்டு பிள்ளைகள் வந்த கதை மூன்று பிள்ளைகள் வந்த கதையாகிவிட்டது. கதையில் யாரும் சாகவில்லை.

வீடியோ குடும்பக் குரூப்புக்கு வந்தது. பேரன் பேத்திகள் எல்லாரும் கொண்டாடினார்கள். ‘தாத்தா செம’ என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தி. ‘எங்ககிட்ட இதையெல்லாம் சொல்லவே இல்லையே’ என்று இன்னொருவன். வருஷா வருஷம் பிறந்தவர்கள் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்தவன் அவன். யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. அக்காவின் மகள் மட்டும் போன் செய்தாள்.

“மாமா, அதுல ஒன்னு மாறிப்போயிருச்சோ?”

“அவங்க வெட்டி ஒட்டுனதுல அப்டி ஆயிருச்சும்மா.”

“ஓ,” என்றாள். அவள் நம்பவில்லை.

பிறகு அக்கா கூப்பிட்டாள்.

“பாத்தேன்டா.”

“என்னக்கா?”

“ஒன் படத்த. பேரன் டிவியில போட்டுக் காமிச்சான். சட்ட நல்லாருக்கு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நல்லாச் சொல்லிருக்க. நான் சொல்ற மாதிரியே சொல்லிருக்க. யானை பொய்யின்னு அன்னைக்கு அம்புட்டுச் சண்டை போட்ட, இப்ப நீயே யானையக் கூட்டியாந்துட்டியே.”

“அக்கா...”

“இரு. எனக்கு ஞாபகம் சரியில்லேன்னு சொன்னியாம்ல. அந்தப் புள்ள பேசுறப்பச் சொல்லுது, படத்துல வருது. அதான் கேக்குறேன். நான் இடுப்புல தூக்கிட்டு வந்தது ஒன்னையாடா?”

போனை மாற்றிப் பிடித்தேன்.

“அப்ப அவன் எங்கடா?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

அந்தப் பங்குனி அமாவாசைக்குப் போகாமல் இருக்க எவ்வளவோ காரணம் தேடினேன். மூட்டு வலி என்று சொல்லலாம். ஆனால் போகாவிட்டால் அதுவே பேச்சாகிவிடும். மகன் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். அக்கா வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வரிசையும் போட்டாகிவிட்டது. வழக்கம்போல எதிர் வரிசையில் சுவரோரம் போய் உட்காரக் குனிந்தேன்.

“அங்க என்ன பண்ற?” என்றாள் அக்கா. “இங்கிட்டு வா. வந்தவன்தான நீ?”

அப்போதுதான் பார்த்தேன். அவளுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன நுனி இலை இல்லை. அந்த இடத்தில் ஒரு முழு இலை. அதில் ஒரு கை வறுத்த அரிசி, கல்லுப்பு, வெல்லம். தம்ளர் இல்லை.

யாராவது தடுப்பார்கள் என்று பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். “ஒக்காருங்க தாத்தா, நீங்கதான் ஸ்டார்” என்றான் ஒருவன். பெரிய அண்ணனின் பேரனுக்கு அந்தத் தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அந்தப் புதுப்பெண் என்னையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் மகள் மட்டும் சமையலறை வாசலில் நின்று, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் உட்கார்ந்தேன். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட இடம். தரை குளிர்ந்திருந்தது. அரிசியை வாயில் போட்டேன். மணலை மெல்வதுபோல் இருந்தது. உப்பு நாக்கைப் பிடித்தது.

அக்கா கதையைத் தொடங்கினாள். அடுப்பில் சோறு கொதித்தது. தையல் மிஷின் கிடந்தது. ஊர் கதவைச் சாத்தியது. எனக்கு விக்கல் வந்தது. எதிரே எல்லார் இலைக்குப் பக்கத்திலும் தண்ணீர் இருந்தது. என் வரிசையில் இல்லை. தாகம் எடுத்தது. ஆத்தா கேட்ட தாகம் இதுவல்ல என்பது அந்த நிமிஷமே தெரிந்தது. கூடத்தில் மின்விசிறிக்கு அடியில், எழுந்து போனால் குடிக்கக்கூடிய தாகம் அது.

ஓடை வந்தது. அக்கா வழக்கமாகக் குரலைத் தாழ்த்தும் இடம். தாழ்த்தவில்லை.

“புள்ள தண்ணி தண்ணிங்குது. ஆத்தா பாத்துச்சு. சரிடி, குடிக்கட்டும்னு சொல்லிருச்சு. நான் எறங்கிப் போயி ரெண்டு கையிலயும் அள்ளிட்டு வந்தேன். குடிடா, குடின்னேன். குடிச்சான். மூஞ்செல்லாம் நனைய நனையக் குடிச்சான்.”

சொல்லும்போது இரண்டு கைகளையும் குவித்து முன்னால் நீட்டியிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. எட்டு வயதுப் பிள்ளையின் முகம். அந்த நிலையிலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்த முகம் எனக்காக இல்லையே என்று தோன்றியது. அவன் இலையில் உட்கார்ந்து, அவன் அரிசியைத் தின்றுகொண்டிருந்தபோதும் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

“அப்புறம் பொழச்சுக்கிட்டான்,” என்றாள். “இந்தா ஒக்காந்துருக்கான்.” என் பக்கம் திரும்பினாள். “குடிச்சேல்லடா? நீயே சொல்லு. ஒனக்குத்தான் ஞாபகம் இருக்கே.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புதுப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிருக்கும். அடுத்த வருஷம் எனக்கு அதே இடத்தில் இலை போட்டிருப்பார்கள். சின்ன இலை எதற்கு என்று கேட்க ஆளே இருந்திருக்காது.

“இல்லக்கா,” என்றேன்.

“என்ன இல்ல?”

“குடிக்கல. அவனுக்கு யாரும் தண்ணி குடுக்கல. செத்துப்போயிட்டான்.”

“யாரு?”

“அந்தப் பையன்.”

“அப்ப நீ யாரு?”

“நான் இங்கன பொறந்தவன்.”

“எங்கன?”

“கோச்சடையில. ஆடி மாசம்.”

அக்கா குவித்திருந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்திலிருந்து அந்த எட்டு வயது போய்விட்டது. நான்தான் போக்கினேன்.

“அப்ப எந்திரி,” என்றாள்.

எழுந்திருக்க எனக்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அண்ணன் பேரன் வந்து தூக்கிவிட்டான். அக்காவின் மகள் என் இலையை எடுத்துவிட்டு, உள்ளே தயாராக வைத்திருந்த நுனி இலையைக் கொண்டுவந்து போட்டாள். தாயும் மகளும் பேசிவைத்துச் செய்தார்களா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

“தண்ணிய நீ கொண்டா,” என்றாள் அக்கா என்னிடம்.

கொண்டுவந்து வைத்தேன். அவள் ஓடையிலிருந்து மறுபடியும் சொன்னாள், நடந்தது நடந்தபடி. பிள்ளைகள் சிரிக்கவில்லை. புதுப்பெண் கணவனிடம் ஏதோ கேட்டாள். அவன் சொன்ன பதில் என் காதில் விழுந்தது. “எங்க சின்னத் தாத்தா ஒருத்தர். ரெண்டு வயசுல...”

அதற்கடுத்த வாரம் மாணவியை மறுபடி வரச்சொல்லி, நடந்தது நடந்தபடி ஒரு வீடியோ கொடுத்தேன். அக்காவுக்கு ஞாபகம் இல்லை என்று நான் சொன்னது பொய் என்றும் அதில் சொன்னேன். மாணவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்காமல் என்ன செய்வாள்? சோழவந்தானுக்கும் போய் அக்காவைப் படம் பிடித்தாள். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, யானைகளை இரண்டாக்கினாள். என் புது வீடியோவும் அக்காவுடையதும் இப்போது இருக்கின்றன. பழையதை மாணவி நீக்கிவிட்டாள். ஆனால் யார் யாரோ எடுத்து வைத்துக்கொண்டு இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம்கூட வாக்கிங் வரும் ஒருவர், “நீங்க ரெண்டு வயசுல பர்மாவுல இருந்து வந்தவராமே” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இல்லை என்று சொன்னேன். அவர் கொஞ்சம் ஏமாந்துபோனார்.

அக்கா சென்ற ஐப்பசியில் போய்விட்டாள். கடைசி வரை என்னோடு பேசினாள், திட்டினாள், வெற்றிலை கொடுத்தனுப்பினாள். அந்த விஷயத்தை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் அவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

இந்தப் பங்குனியில் வந்தவர்கள் வரிசையில் யாரும் இல்லை. அக்கா மகள் சோழவந்தான் வீட்டிலேயே எல்லாம் செய்தாள். எதிர் வரிசையில் நாங்கள் அத்தனை பேர். எங்களுக்கு முன்னால் வெறும் தரையும் ஒரு சின்ன இலையும். கதை சொல்லச் சொல்லி என்னைக் கேட்டார்கள். அக்கா வேண்டாம் என்று சொல்லியிருந்ததைச் சொன்னேன்.

“அப்ப இந்தப் புள்ளைகளுக்கு எப்டி மாமா தெரியும்?” என்றாள் அக்கா மகள்.

நியாயமான கேள்வி. அதனால் சுருக்கமாகச் சொன்னேன். நான் வரவில்லை என்றுதான் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது எல்லாம் கேட்டுத் தெரிந்தது. ஓடை இருந்தது. ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டான். கொடுக்கவில்லை, கொடுக்காததற்குக் காரணம் இருந்தது. செத்தான். அவனை அக்கா இறக்கி வைக்க மாட்டேன் என்றாள். யானையைச் சொல்லவில்லை. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அக்கா சொல்வதுபோல் யாரையும் கட்டிப்போடவும் இல்லை. ஒரு பிள்ளை நடுவிலேயே வடையைக் கடித்தது.

தண்ணீர் வைக்கும் வேலை இப்போது எனக்கு. தம்ளரை நிரப்பி, குனிய முடியாமல் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, அந்த இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பொறாமை போய்விட்டதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். போகவில்லை. வந்தவர்கள் வரிசையில் இனி எப்போதும் அவன் ஒருவன்தான். அவனைச் சுமந்தவள் சாகும் வரை அவனைத்தான் சுமந்தாள்.

தம்ளரைக் கொஞ்சம் அவன் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

“அண்ணே, தண்ணி,” என்றேன்.